ராமசாமிக்கு ஒரு கல்

"மாலையெல்லாம் உள்ளுக்குக் கொண்டு போக ஏலாதுங்க, ஐயா" என்று வாசலிலேயே மறித்தார் வாட்சர் மஃறூப்.

"சாமிக்கு இல்லீங்க. எங்க தாத்தா போட்டோவுக்கு" என்றார் சின்னத்தம்பி. எழுபது வயது, கல்யாண வீட்டு வேட்டி சட்டை. பக்கத்தில் டீச்சர் வேலை பார்க்கும் மகள் சர்மிளா.

ஹட்டனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இருந்த கருங்கல் பங்களாவைப் புதுப்பித்து, பார்வைக்குத் திறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கல் வீட்டுக்குப் புதுக் கண்ணாடி, பாலிஷ் போட்ட தரை. கீழே தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் இன்னும் வாளி வைத்துத்தான் ஒழுகும் மழையைப் பிடிக்கிறார்கள்.

சின்னத்தம்பி தாத்தா ராமசாமியின் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவருடைய அப்பாவே மூன்று வயதில் தகப்பனைப் பறிகொடுத்தவர். குடும்பத்துக்கு மிஞ்சியது பங்களாவின் ரோஜாச் செடிகளுக்கு நடுவே நிற்கும் ஒரு சின்னக் கல்தான். அதில் இங்கிலீசில் ராமசாமி என்று பெயர் வெட்டியிருந்தது.

"செத்தவங்கள தேயிலைக்கு உரமா போட்ட காலம்! அப்பவே தொர கல்லு வச்சிருக்காருன்னா, எங்க தாத்தா எப்பேர்ப்பட்ட ஆளு!" ஆடி அமாவாசைக்கு வேலியில் நுழைந்து அந்தக் கல்லுக்குப் படையல் போடுவார். வருடம் பூராவும் லயத்தில் இதையே சொல்லித் திரிவார்.

இப்போது பங்களாவில் மாட்டியிருக்கும் பழைய படமொன்றில் ராமசாமி பேர் இருக்கிறதாம். அங்கே கூட்டிப் பெருக்கும் நாகலெட்சுமி சொன்னாள். அவ்வளவுதான், மனிதருக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

மஃறூப் மனமிரங்கி வழி விட்டார். ரோஜாச் செடியருகே சர்மிளா நின்றாள்.

"கல்லுல 1929லருந்து 1941ன்னு போட்டிருக்கேப்பா. பன்னெண்டு வருசந்தானே வருது?"

"அது தொரகிட்ட வேல செஞ்ச வருசம்டி. பெரிய டீச்சரு, தாத்தாகிட்டயே கேள்வி கேக்க வந்துட்டா!"

உள்ளே, பெரிய ஹாலில் படம் இருந்தது. வாசற்படியில் நாற்காலி போட்டுத் துரையும் துரைசாணியும். காலடியில் ஒரு நாய். பின்னால் தலைப்பாகை கட்டி, குடை பிடித்து நிற்கும் ஒரு மனிதர்.

சின்னத்தம்பி கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "ஐயோ, இந்த மூக்கு! அப்புடியே எங்கப்பா மூக்குடி! தாத்தா, ஒங்கள இப்பத்தான் பாக்குறேன்!" எழுபது வயது மனிதர் குழந்தைப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். மஃறூப் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கீழ பேரு எழுதியிருக்குல்ல? சத்தமா வாசிம்மா. என் காதால கேக்கணும்" என்று மாலையைத் தூக்கினார்.

சர்மிளா குனிந்து மனதுக்குள் வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

"என்னடி? தாத்தா பேரு இருக்கா இல்லியா?"

அவள் அப்பாவின் கையைப் பிடித்து, மாலையை மெல்லக் கீழே இறக்கினாள்.

"கொட புடிச்சிருக்கவருக்குப் பேரே போடலப்பா. ராமசாமிங்கிறது அந்த நாயி."