மூன்றாவது போன்

சங்ககிரியில் சென்னியம்மாள் வீட்டு நெட் மறுபடியும் இழுத்துக்கொண்டு கிடந்தது. பார்க்க வந்த லைன்மேன் சிவபிரகாஷ், தன் போனிலேயே மோடத்தைச் சோதித்தான்.

"உங்க போன், பொண்ணு போன் போக, 'ராசப்பன்'னு ஒண்ணு ஓடுதுங்களே?"

"எங்க ஊட்டுக்காரருதுங்க. போனைக் கீழயே வெக்காத மனுசன். போன மாசம் அடக்கம் பண்றப்ப கையிலயே வெச்சு உட்டுட்டனுங்க."

அவன் திரையில் அந்தப் பெயரை மறுபடி பார்த்தான். "நேத்துத்தானுங்க பாஸ்வேர்டு மாத்துனேன். யாருக்காச்சும் சொன்னீங்களா?"

"வெளக்கு வெக்கறப்ப அவரு போட்டோகிட்டச் சொன்னனுங்க. எதையும் சொல்லாம இருந்ததில்லீங்க."

மறுபடி மாற்றப் போனான். அதற்குள் அந்தப் பெயர் தானாகவே மறைந்தது.

"போயிருச்சுங்க. இனி வேகமா ஓடும்."

சென்னியம்மாள் சுவரைப் பார்த்தாள். குழியில் வைக்க மறந்த சார்ஜர் ப்ளக்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.