இரண்டு விரல் உயரம்

தீவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடுகிறோம். சாயங்காலம் கடையைப் பூட்டும்முன் எல்லா சீட்டையும் ஒரே உயரத்தில் இறுக்கிவைப்பேன். காலையில் ஏழாம் நம்பர் சைக்கிளின் சீட் மட்டும் இறங்கியிருக்கும், மகளுக்காக அவளுடைய நெயில் பாலிஷால் நான் போட்ட கோடுவரை. அந்தச் சைக்கிளில்தான், கடற்கரை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் அவள் இறந்தாள். மூன்று வருடமாகிறது. சீட்டை ஏற்றிவிட்டு, "இறக்கத்துல பாத்துப் போங்க" என்று வருகிறவர்களுக்குச் சொல்வேன்.

இன்று சீட் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றிருந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். ஈரக்கையைத் துடைத்தபடி வந்து பார்த்தாள்.

"வளந்துட்டா," என்றாள். "புதுக் கோடு போட்டுடுங்க."

போட்டேன். அது காயும்வரை, அன்று பார்க்க மறந்த பிரேக்கை மறுபடியும் இறுக்கிக்கொண்டிருந்தேன்.