நீல பாட்டில்

காலையில் அவன் பால் காய்ச்சினான், சட்டைக்கு இஸ்திரி போட்டான், தண்ணீர் பாட்டிலைக் கழுவினான். ஜன்னல் வெயிலில் சோப்புக் குமிழ்கள் மிதந்தன.

“மூடி ரப்பரைக் கழட்டினீங்களா?” என்றாள் மனைவி.

“கழட்டியாச்சு தாயே.”

“என் பாட்டில்?”

“அது அப்படியே இருக்கட்டுமே.”

“சரி, இருக்கட்டும்” என்று சிரித்தாள்.

“யாருகிட்டடா பேசுற?” உள்ளே வந்த அக்கா, அலமாரியிலிருந்த நீல பாட்டிலைத் திறந்து முகம் சுளித்தாள். “அவ போயி எத்தனை மாசமாச்சு! இன்னுமா கழுவலை?”

“அவ குடிச்ச மிச்சம்க்கா.”

அக்கா பாட்டிலை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

அவன் குழாயைத் திறந்தான். ‘இருக்கட்டும்’ என்று அவள் சொன்னதெல்லாம் அவனுடைய ஆசை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“கழுவாம வச்சிடாதீங்க, நாறிப்போயிடும்.”