காதில் போட்டுக்கொள்ளாதவர்

சோபாவுக்கும் ஜன்னலுக்குமாக அவள் நடந்துகொண்டிருந்தாள். கணவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளைப் பூனைக்குட்டி.

சீக்கிரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தொலைத்தால் தேவலை.

பூனை வளர்த்துத் தன் வீட்டிலேயே விற்கும் ஷைலஜா அவசரமே படவில்லை. நான்கு பர்ஷியன் குட்டிகளின் ஜாதகத்தையும் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

கணவருக்குத் துணைக்கு ஒரு பூனை. அவளுக்கு ஈரோட்டில் அக்கா வீடு. நாளை மறுநாள் கிளம்பினால் திரும்பி வருவதாக இல்லை. இது இன்னும் அவருக்குத் தெரியாது.

ஓய்வு பெற்றதிலிருந்து அவள் சொல்வது எதையும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. சமையலறையிலிருந்து ‘ஏனுங்க’ என்று தொண்டை வறளக் கூப்பிட்டாலும் பேப்பரிலிருந்து தலை நிமிராது. நூல் மில் இயந்திரங்களோடு முப்பத்திரண்டு வருடம் மல்லுக்கட்டியவருக்கு மனைவியின் குரல் கசந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தாள்.

ஊராரிடம் மட்டும் சிரிப்பு.

ஷைலஜாவிடமும் சிரிப்புதான். தினமும் முடி சீவ வேண்டும் என்று சீப்பைக் காட்டினாள். தலையாட்டினார். கண்ணோரம் ஈரத்துணியால் துடைக்க வேண்டுமாம். அதற்கும் ஆட்டினார்.

மனைவிக்கு வயிறு எரிந்தது.

குட்டியின் கழுத்தை ஒற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பார்க்கப் பிடிக்காமல் மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

ஷைலஜா எழுந்து அவருக்குப் பின்னால் போய்த் தீனி டப்பாவைக் குலுக்கினாள்.

மூன்று குட்டிகள் பாய்ந்து ஓடி வந்தன. மடியில் இருந்தது அசையவில்லை.

“பாத்தீங்களா சார்? இதுக்குக் காது கேக்காதுங்க. மறைச்சு விக்கற பழக்கம் எனக்கில்லைங்க.”

அவர் குட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். ஷைலஜா சுற்றி வந்து அவர் முகத்துக்கு எதிரே நின்றாள். “பரவாயில்லீங்களா சார்?”

அவர் சிரித்தார்.

“அதுக்கென்னங்க, தெனமும் சீவி விட்டாப் போச்சு.”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஷைலஜா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

அங்கே மனைவியின் நடை நின்றிருந்தது.

வீட்டில் அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் சமையலறை. அடுப்பைப் பார்த்தபடியேதான் அவள் கூப்பிடுவாள்.

போன் அடித்தால் எடுக்காமல் இருந்தது சோம்பல் இல்லை.

அப்பாடா என்றிருந்தது. கட்டியவருக்குக் காது போனதில் இப்படியொரு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது. கண் கரித்தது.

அவர் திரும்பி அவளைத் தேடினார்.

“உனக்குப் புடிச்சிருக்குதா?”

நின்ற இடத்திலிருந்தே சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். நடந்து வந்து, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

“புடிச்சிருக்குதுங்க.”

தின்றுகொண்டிருந்த மூன்று குட்டிகளும் திடுக்கிட்டு நிமிர்ந்தன. அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்.