இரும்புச் சத்து

ஔந்த் கிளினிக்கின் வாசலில் வாசுதேவன் குடையை விரித்தார். மழை இல்லை.

ஆங்கிலப் பலகையில் 'கேன்சர்' என்று எழுதியிருக்கும் இடத்தை மறைக்கத்தான் குடை. அவருடைய மனைவி விசாலம் அதன் நிழலில் சமர்த்தாக உள்ளே போனாள். இந்தத் தடவையும் தப்பித்தாயிற்று.

அவளிடம் அவர் சொல்லி வைத்திருப்பது இரும்புச் சத்து. பாட்டிலிலிருந்து இறங்கும் மருந்தும் சிவப்பாக இருந்தது அவர் அதிர்ஷ்டம். நிஜம் தெரிந்தால் அவள் சாப்பாட்டையே நிறுத்திவிடுவாள் என்று அவருக்கு உள்ளூர நடுக்கம்.

ஊசி ஏறியதும், டாக்டரிடம் கேட்டு வந்ததை அவிழ்த்துவிட்டார்.

"இதுல இருக்கற துளியெல்லாம் தூசியைவிடப் பொடிசு, விசாலம். ஒவ்வொண்ணுக்கும் கொழுப்பில சட்டை. ஹார்ட்டைத் தொந்தரவு பண்ணாது, முடிகூட ரொம்பக் கொட்டாது. சத்து கம்மியான இடத்துக்குப் போய்த்தான் சட்டையைக் கழட்டும். நீ எனக்கு வாழைப்பழத்துல மாத்திரை வெச்சுத் தருவியே, அதேதான்!"

இரும்புச் சத்துக்கு ஏன் முடி கொட்டவேண்டும் என்று அவள் கேட்கவில்லை.

மாத்திரை என்றாலே அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பி.பி. மாத்திரையை அவள் தினமும் பழத்துண்டுக்குள் ஒளித்துத் தருவாள். மெல்லாமல் விழுங்குவார். ராணுவக் கணக்கு இலாகாவில் அத்தனை பேரை அதட்டியவர், இதை வெளியில் சொல்லிக்கொள்ள முடியுமா?

சாய் குடித்துவிட்டு வந்தவர் படுக்கையை மறைத்த திரைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். பக்கத்துப் படுக்கைக்குப் புதிதாக வந்த ஸ்ரீரஞ்சனி, ஹடப்சரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கோயமுத்தூர்ப் பெண், அழுதுகொண்டிருந்தாள். விசாலம் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதேம்மா. கட்டி இருக்கற இடத்துக்குப் போய்த்தான் இந்த மருந்து தன்னோட கொழுப்புச் சட்டையைக் கழட்டுமாம், எங்காத்துக்காரர் சுத்தி வளைச்சுச் சொன்னார். பாவம், எனக்குக் கேன்சர்னு எனக்கே தெரியாதுன்னு நினைச்சிண்டிருக்கார். இங்கிலீஷ் போர்டைக் குடையால மறைக்கறார். பக்கத்துலயே மராத்தியில அவ்வளவு பெரிசா எழுதியிருக்கு! தனக்குப் படிக்க வராதுன்னா எனக்கும் வராதாமா? இத்தனை வருஷமா பஸ் போர்டு படிச்சு ஊர் சுத்தினவ நான். நீ காட்டிக் கொடுத்துடாதே. தாங்கமாட்டார்."

வாசுதேவன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேண்டுமென்றே பலமாக இருமிவிட்டு உள்ளே நுழைந்தார்.

"இரும்புச் சத்து ஏறறதா?"

"பேஷா ஏறறது" என்று பையிலிருந்து பழத்துண்டை எடுத்து நீட்டினாள் விசாலம்.

விழுங்க முடியவில்லை. வாசுதேவன் முதல் தடவையாக அதை மென்று தின்றார். படுகசப்பு.

"நல்ல பழம்" என்றார்.