தொடங்கி வைத்த கை

"நாளைலருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்ணே."

பழனிக்குமார் இப்படிச் சொன்னதும் சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் மூக்கையாவைப் பார்த்தார்கள். மூக்கையா பதினாலு வருஷமாக அவனோடு இருக்கிற வெல்டர். திண்டுக்கல்லில் அவன் பட்டறை வெறும் தகரக் கொட்டகையாக இருந்த காலத்திலேயே வந்து சேர்ந்தவர்.

மூக்கையா கையுறைகளை உருவினார். முகமூடியைக் கழற்றி மெஷின் மேல் வைத்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கமாக நடந்தார்.

பழனிக்குமாரின் கோபத்தையும் குறை சொல்ல முடியாது. தொப்பம்பட்டிக்குப் பக்கத்தில் கண்ணுசாமியின் தோட்டத்தில் காய்கறி சேமித்து வைக்கும் கிட்டங்கிக்குத் தூண் நிறுத்துகிற வேலை. கரண்டு இன்னும் வராத இடம் என்பதால், டீசலில் ஓடும் வெல்டிங் மெஷினை வண்டியில் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். அதோடு சேர்த்து ஓட்டப் புதிதாக ஒரு ஒயர் ஃபீடரும் வந்திருந்தது. பெட்டிக்குள் இருக்கும் கம்பிச் சுருள் தானாக ஓடி வந்து பற்றவைக்கும். வழக்கமான வெல்டிங் ராடு போல நிமிஷத்துக்கு ஒன்று மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். இந்தக் கம்பிக்கு பிளஸ், மைனஸ் கேபிள் இரண்டையும் ராடுக்கு மாட்டுவதற்கு நேர்மாறாக மாட்ட வேண்டும். இதை மூக்கையாவிடம் அவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

காலையில் சூடம் காட்டியதும் மெஷினைத் தொடங்கி வைத்தது அவன் தங்கை தீபா. அவள் புருஷனும் இதே பட்டறையில் வெல்டராக இருந்தவன்தான். லாரி மோதி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணி தொடங்கட்டும், தான் வேண்டாம் என்று பின்வாங்கியவளை அவன்தான் விடவில்லை.

"எங்க வீட்ல அதெல்லாம் பாக்குறதில்ல" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னான். அந்த நேரம் பார்த்து கண்ணுசாமி போனில் கூப்பிட, பேசிக்கொண்டே ரோட்டுப் பக்கம் போனான். மற்றவர்கள் லாரியிலிருந்து தூண்களை இறக்கப் போனார்கள். அவன் திரும்பி வந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவின் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு சிரிப்பு இருந்தது. அவனுக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

மத்தியானம் கண்ணுசாமி வந்தார். முதல் தூணின் அடியில் சுத்தியலால் ஓங்கித் தட்டினார். வெல்டு காய்ந்த காரை மாதிரி பெயர்ந்து விழுந்தது. உள்ளே பூராவும் பொத்தல். அடுத்த தூணும் அப்படித்தான்.

"ஏனுங்க தம்பி, இதை நம்பியா மேல கூரை ஏத்தறது? கீழ ஆளுக நிப்பாங்களே."

பழனிக்குமார் பெயர்ந்த துண்டைக் குனிந்து எடுத்தான். அவன் பார்வை வேப்பமரத்தடிக்குப் போய் வந்தது. அங்கே தீபா எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மெஷின் பக்கத்திலிருந்து மூக்கையா குரல் கொடுத்தார்.

"என் தப்புத்தான் தம்பி. ராடு ஞாபகத்துல கேபிளை மாத்தி மாட்டிப்புட்டேன்."

அத்தனையையும் அறுத்தெடுத்து மறுபடி பற்றவைத்துத் தருவதாகக் கண்ணுசாமியிடம் கெஞ்சி, ஒருவழியாகச் சம்மதம் வாங்கினான் பழனிக்குமார். அவர் கார் கிளம்பிய கையோடு மூக்கையாவை வேலையை விட்டு நிறுத்தினான்.

சாயங்காலம் வீட்டில் தீபா அவன் எதிரே வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"கேபிளை மாட்டுனது நான்ணே. நீ தொடங்கி வைன்னு சொல்லிட்டுப் போன் பேசப் போயிட்ட. அவுக ராடுக்கு மாட்டுறதைப் பாத்திருக்கேன்ல, அதே மாதிரி மாட்டிப்புட்டேன். அப்பவே சொல்லத்தான் வந்தேன். மூக்கையாண்ணன் கண்ணைக் காட்டித் தடுத்துட்டாரு."

பழனிக்குமார் அடுத்த நிமிஷமே பைக்கை எடுத்தான்.

நாகல் நகரில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார் மூக்கையா. வேறு பட்டறையில் வேலை கேட்டுக் காலையில் கிளம்ப வேண்டுமே. பழனிக்குமார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான்.

"பாப்பா மாட்டுனதை உடனே கழட்டிப் பாக்க மனசு வரல தம்பி. அம்புட்டு சந்தோசமா நின்னுச்சு. பாக்காம விட்டது என் தப்புத்தான்."

"அதுக்காக முழுப் பழியையும் நீங்க ஏண்ணே ஏத்துக்கணும்? தெரியாம மாட்டிருச்சுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சது. கண்ணுசாமி ஐயா ராசி, சகுனம்னு பேசுற ஆளே இல்லையே."

மூக்கையா எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அவரு தூணைத்தான் பாத்தாரு. வெல்டு பேந்ததும் பாப்பாவைத் திரும்பிப் பாத்தது நீங்க ஒருத்தர்தான் தம்பி."