அரை வாளி

"அரை வாளித் தண்ணியில மனுஷன் குளிக்க முடியுமாடா? மாட்டைக் கழுவுறவன்கூட நாலு வாளி ஊத்துவான்!"

குளியலறை வாசலில் தோளில் துண்டோடு நின்று அப்பா கத்தினார்.

"நிலத்தடித் தண்ணி கீழ போய்க்கிட்டே இருக்குப்பா. நாமதானே பார்த்து நடந்துக்கணும்?" என்றான் மகன். குரலே எழும்பவில்லை.

"ஆமா, நான் குளிச்சுத்தான் கடல் வத்திப் போச்சு!"

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மருமகள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அப்பாவுக்குக் கொதித்தது. சில மாதங்களாகவே மகனுக்கு இந்தப் பைத்தியம். முதலில் மோட்டார் சைக்கிளை விற்றான். "புகை குறையும்பா. எனக்கு பஸ்ஸே போதும்." அப்புறம் ஏசியைக் கழற்றி யாருக்கோ கொடுத்தான். "பூமி சூடாகுதுப்பா." தட்டில் நாலு வாய்ச் சோற்றுக்கு மேல் வாங்குவதில்லை. "வீணாக்கக் கூடாதுப்பா."

ஒருநாள் மொட்டைத் தலையோடு வந்து நின்றான்.

"என்னடா கோலம் இது?"

"ஷாம்பூ மிச்சம், தலை அலசுற தண்ணியும் மிச்சம்" என்று சிரித்தான்.

எதிர்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். அவரிடம் போய் அப்பா கொட்டித் தீர்த்தார்.

"விடுங்கண்ணே. அடுத்து மூச்சைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கன்னு சொல்லுவாரு, பாருங்க" என்றார் கண்டக்டர். இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

சிரித்தாலும் அப்பா எதையும் மறக்கிற ஆள் இல்லை. ஏசி போன அன்று வேர்த்து நனைந்த தலையணை முதற்கொண்டு எல்லாம் மனசுக்குள் பத்திரமாக இருந்தது. ஒருநாள் வசமாக மாட்டுவான் என்று காத்திருந்தார்.

மாட்டினான்.

காலையில் மகன் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டால், குழாய் திறந்தது திறந்தபடி கொட்டுகிறது. வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் சாக்கடைக்கு ஓடுகிற சத்தம் கூடம் வரை கேட்கிறது. ஒருநாள் இல்லை, இரண்டுநாள் இல்லை.

'எனக்கு அரை வாளி. துரைக்கு மட்டும் அருவியா?'

குளியலறைக்குப் போகிற குழாயின் வால்வு பின்கட்டில், துணி துவைக்கும் இடத்தில் இருந்தது. அப்பா முடிவு செய்துவிட்டார். உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு நின்று "அப்பா, தண்ணி!" என்று அவன் அலறவேண்டும். அப்போது கேட்பதற்கு ஒரு கேள்வியும் தயாராக வைத்திருந்தார்: 'ஏண்டா, உனக்கு அரை வாளி போதாதா?'

மறுநாள் காலை மகன் உள்ளே போனான். குழாய் கொட்ட ஆரம்பித்தது. அப்பா பூனைபோலப் பின்கட்டுக்குப் போய் வால்வைத் திருகி மூடிவிட்டு, குளியலறை ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அது இதுவரை மறைத்து வைத்திருந்த சத்தம் வெளியே கேட்டது.

குடலே வெளியே வந்து விழுவதுபோல் மகன் ஓங்கரித்துக்கொண்டிருந்தான்.

"மெதுவாங்க... தண்ணி வேற நின்னுபோச்சு. மாமாவுக்குக் கேட்டுடப் போகுது." மருமகளும் உள்ளேதான் இருந்தாள்.

"முடியலம்மா... போன ஊசிக்கே முடியெல்லாம் கொட்டிடுச்சு. இந்த ஊசி உசிரையே எடுக்குது."

"மாமாகிட்ட சொல்லிடலாங்க. எத்தனை நாள்தான் மறைக்கிறது?"

"வேண்டாம். இதே நோயிலதான் அம்மாவைப் பறிகொடுத்தாரு. பாதி மனுஷனாத்தான் மிஞ்சினாரு. இப்ப நானும்னு தெரிஞ்சா..." மறுபடி ஓங்கரிப்பு. மூச்சு வாங்கியது. "என்னைக் கஞ்சன், கிறுக்கன்னு திட்டிக்கிட்டே இருக்கட்டும். அதுதான் அவருக்கு நல்லது."

"வண்டி போச்சு, ஏசி போச்சு. அடுத்த ஊசிக்கு வீட்டுல விக்கறதுக்குக்கூட ஒண்ணுமில்லைங்க."

மகன் மறுபடி ஓங்கரித்தான்.

சுவரைப் பிடித்துக்கொண்டே அப்பா பின்கட்டுக்குப் போனார். வால்வு எந்தப் பக்கம் திறக்கும் என்பது மறந்துவிட்டது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினார். ஒருவழியாகத் திறந்தது.

உள்ளே குழாய் பீறிட்டது. சத்தத்தோடு சத்தமாக அந்தச் சத்தமும் அமுங்கிப் போனது.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்கட்டுக் கதவிடுக்கில் மொட்டைத் தலை எட்டிப் பார்த்தது.

"அப்பா... தண்ணி ஏன் நின்னுச்சு?"

"என் கைதான் பட்டுருச்சுடா." அப்பா சுவரைப் பார்த்தபடி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "நீ நல்லாத் தொறந்து விட்டுக்கோ. எனக்கு அரை வாளியே போதும்."